எஞ்சின் இல்லாமல் ஓடும் வேகன்

மொரப்பூரிலோ பொம்மிடியிலோ பிளாட்பாரத்தில் நின்று கூட்ஸ் வண்டி பார்ப்பவர்களுக்குத் தெரியும்: தலை முதல் வால் வரை ஒரே மாதிரி வேகன்தான். நிலக்கரி என்றால் முழுக்க நிலக்கரி. 1980களில் ரயில்வே முழு ரேக்காக, அதாவது வேகன் வரிசை மொத்தத்தையும் ஒரே ஊருக்கு, ஓட்டும் முறைக்கு மாறியதன் விளைவு இது. அதற்கு முன் ஒரே கூட்ஸில் பல ஊர் வேகன்கள் கலந்து வரும். அவற்றை ஊர்வாரியாகப் பிரித்துக் கோக்க மார்ஷலிங் யார்டுகள் இருந்தன. முகல்சராய் போன்ற பெரிய இடங்களில் அதற்கென்றே ஒரு மேடு கட்டியிருந்தார்கள். அதுதான் ஹம்ப் யார்டு.

எஞ்சின் ரேக்கைப் பின்னாலிருந்து மேட்டின் மேல் மெல்லத் தள்ளும். உச்சியில் கப்ளிங்கைக் கழற்றிவிடுவார்கள். வேகன் தன் எடையில் இறங்கி, பாயிண்ட் திருப்பிவிடும் லைனுக்குள் போய், அங்கே நிற்கும் வேகன்களோடு சேர்ந்துகொள்ளும். இடையில் ரிடார்டர் என்ற தடுப்பான் சக்கரங்களை இருபுறமும் இறுக்கி வேகத்தைக் குறைக்கும்.

மாடல் ரயில்காரர்கள் இதை மேஜைமேல் செய்து காட்டும்போதுதான் எனக்குப் பிரமிப்பு வருகிறது. பாலம், ஸ்டேஷன், மலை எல்லாவற்றையும் சுருக்கிவிடலாம். புவியீர்ப்பைச் சுருக்க முடியாது. உராய்வை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள். 3 மீட்டர் மேட்டிலிருந்து இறங்கும் நிஜ வேகனின் வேகம் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். 1:87 அளவில் அந்த மேடு மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் அதிலிருந்து இறங்கும் குட்டி வேகன், தன் அளவுக்கு மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும்! சரிவைக் குறைத்தாலோ, மட்டமான சக்கரம் உள்ள வேகன் பாதி வழியில் நின்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியில்தான் கலைஞன் வேலை செய்கிறான்.

அவன் முதலில் கைவைப்பது மேட்டில் அல்ல, வேகனில். பிளாஸ்டிக் சக்கரத்தைக் கழற்றிவிட்டு உலோகச் சக்கரம், ஊசிமுனை அச்சு. எல்லா வேகனுக்கும் நீளத்துக்கேற்ற ஒரே கணக்கில் எடை: அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி 15 சென்டிமீட்டர் வேகனுக்குச் சுமார் 110 கிராம். இலகுவான ஒன்று நடுவில் நின்றால், பின்னால் வருவது அதில் மோதி மொத்த வேலையும் கெடும்.

அடுத்து உச்சி. வளைவு கூர்மையாக இருந்தால் கப்ளர்கள் ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாக விலகி, வேண்டாத இடத்தில் கழன்றுகொள்ளும். தண்டவாளத்துக்கு அடியில் பதித்த காந்தம் கப்ளரைத் திறக்க, அந்த நொடியில் இழுவிசை தளர்ந்திருக்க வேண்டும். கழன்ற வேகன் உடனே வேகம் பிடித்தால்தான் அடுத்ததற்கும் அதற்கும் இடைவெளி விழும். பாயிண்ட் திரும்ப அந்த இடைவெளி வேண்டும். அதனால் முதல் சரிவு செங்குத்து, பிறகு போகப்போகத் தணிவு.

ரிடார்டர்தான் உச்சகட்டம். ஸ்லீப்பர்களுக்கு இடையே ஊசித்துளைகள். அவற்றிலிருந்து மேட்டுப் பக்கமாகச் சாய்ந்து வரும் காற்று, இறங்கும் வேகனின் அச்சை எதிர்த்து அடிக்கிறது. இரண்டு சென்சார்களைக் கடக்க வேகன் எடுக்கும் நேரத்தை வைத்து, எவ்வளவு காற்று என்று ஒரு சின்ன சர்க்யூட் முடிவு செய்கிறது. பார்ப்பவர் கண்ணுக்குக் காற்றும் தெரியாது, கருவியும் தெரியாது. வேகன் தானாகவே நிதானித்தது போலிருக்கும்.

மாடல் ரயில் லேஅவுட்டுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. இந்தியாவில் புனேயின் ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் போன்ற இடங்களில் எல்லோரும் எஞ்சினைத்தான் பார்க்கிறார்கள். எங்காவது ஹம்ப் யார்டு இருந்தால் மேட்டின் உச்சியில் நிற்காதீர்கள். லைனின் கடைசிக்குப் போங்கள். வருகிற வேகன் இடித்துத் தள்ளாமல், பாதியில் நிற்காமல், ஒரு சின்ன 'டக்'கோடு கோத்துக்கொண்டால், கட்டியவர் கைதேர்ந்தவர்.