நான்கு நொடிப் புல்லாங்குழல்

கதை வாசிக்கும் தமிழ் பாட்காஸ்ட்கள் பலவற்றில் ஒரு பழக்கம் உண்டு. வாசிப்பவர் வாயைத் திறப்பதற்கு முன்பே பியானோ வந்து உட்கார்ந்துவிடும். சோகக் கதை என்றால் புல்லாங்குழல். கிராமத்துக் கதை என்றால் மழைச் சத்தம். அசோகமித்திரன் கதைக்கே வயலின் போட்டுக் கேட்டிருக்கிறேன். உணர்ச்சிக்குப் பெயர் வைக்காமல் நகர்ந்துவிடுவது அவர் எழுத்தின் பலம். அவர் சொல்லாமல் விட்டதை அந்த வயலின் மூன்று பத்திக்கு முன்னாடியே சொல்லி முடித்துவிட்டது.

இதைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இருக்கா என்றால், இல்லை. நானும் அதையே செய்தவன்தான். அதுவும் என் அப்பாவின் குரலுக்கு.

இரண்டு வருஷமாக வீட்டில் ஒரு சின்ன பாட்காஸ்ட் நடத்துகிறேன். ஒரு மைக், ஒரு லேப்டாப், எதிரொலி வராமல் இருக்க பீரோ கதவில் தொங்கும் போர்வை. நாற்பது நிமிடப் பேச்சை அப்புறமாக உட்கார்ந்து வெட்டி ஒட்டி இசை சேர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும். ஆபீஸ் வேலையோடு அது கட்டுப்படியாகவில்லை. அதனால் பேசும்போதே இசையையும் சேர்த்துக் கலந்து பதிந்துவிடுவது என்று முடிவு செய்தேன். 'அப்புறம் சரிபண்ணிக்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லாத முறை. அதில் ஒரு நேர்மை இருப்பதாகவும் நினைத்துக்கொண்டேன்.

ஒரே ஆள் பேசவும் வேண்டும், இசையை ஏற்றி இறக்கவும் வேண்டும். அதற்கு மென்பொருளில் ஒரு வசதி இருக்கிறது, 'டக்கிங்' என்பார்கள். குரல் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் இசை தானாகத் தணியும். குரல் அதற்குக் கீழே போனால் இசை மறுபடி ஏறும். நான் வைத்திருந்த கணக்கில் ஏறுவதற்கு அரை நொடி. எந்த டெசிபலில் தணியணும், எவ்வளவு வேகத்தில் ஏறணும் என்று நாலு எண்களைக் கொடுத்துவிட்டால் போதும், கை வைக்கவே வேண்டாம்.

அப்பா லேத் ஆபரேட்டர். நான் ஐந்தாவது படிக்கும்போது அவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடினார்கள். அந்த நாட்களைப் பற்றிப் பேசச் சொல்லி மைக் முன்னால் உட்கார வைத்தேன். பின்னணியில் மெல்லிய புல்லாங்குழல். சத்தம் வரக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தேன். வியர்த்துக்கொண்டே பேசினார்.

"பதினோரு நாள் வேலைக்குப் போற மாதிரியே டிபன் பாக்ஸை எடுத்துட்டுக் கிளம்புனேன்" என்றார். நிறுத்தினார். நான்கு நொடி. அப்புறம், "உங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் நினைக்கிறேன்" என்றார்.

அந்த நான்கு நொடியில் புல்லாங்குழல் ஏறி வந்து முழு உயரத்தில் நின்றது. அவர் மறுபடி வாயைத் திறந்ததும் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. நான் எழுதிக் கொடுத்த விதிப்படி எல்லாம் மிகச்சரியாக நடந்தது. ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போது அது அழகாகக்கூட இருந்தது.

அம்மாதான் கண்டுபிடித்தாள். "அங்க ஏன்டா பாட்டு வருது?"

"அந்த எடத்துல அப்பா ஒண்ணும் பேசலையேம்மா."

"பேசிட்டுதானடா இருந்தார்."

டக்கிங் பற்றி நான் படித்ததிலேயே சிறந்த விமர்சனம் இதுதான். அந்த நிரலுக்கு உலகத்தில் இரண்டே நிலை: குரல் இருக்கிறது, குரல் இல்லை. குரல் இல்லாத இடம் அதன் கணக்கில் காலி மனை. மூச்சு வாங்க நிறுத்துவது, வார்த்தை கிடைக்காமல் நிறுத்துவது, சொன்னது போதும் என்று நிறுத்துவது எல்லாமே அதற்கு ஒன்றுதான்.

நேரலையில் கலப்பதே தப்பு என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. நம் வில்லுப்பாட்டு முழுக்க முழுக்க நேரலைக் கலவைதான். அங்கே கதை சொல்பவர் நிறுத்தினால் குடத்தில் உடனே கை விழுந்துவிடாது. குடம் அடிப்பவர் அவர் முகத்தைப் பார்க்கிறார். 'ஆமாம்' போடுகிறவர் கதைக்குள் இருக்கிறார். இசைக்காரர்களே முதல் கேட்பவர்கள். கதை எங்கே போகிறது என்று தெரிந்துதான் அவர்கள் கை ஏறுகிறது, தணிகிறது.

வானொலிக்கும் இது தெரிந்திருந்தது. 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் குழுவினர் நியூயார்க்கில் சிபிஎஸ் வானொலிக்காக 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாடகத்தை நேரலையில் நடத்தினார்கள். பெர்னார்ட் ஹெர்மன் இசைக்குழுவோடு ஸ்டூடியோவில் இருந்தார். நாடகத்தில் செவ்வாய்க்கிரகத்தவர் தாக்கும்போது, களத்திலிருந்து பேசும் செய்தியாளரின் குரல் பாதியில் அறுபடும். அப்புறம் சில நொடிகள் எதுவுமே இல்லை. இசை இல்லை, அறிவிப்பு இல்லை. கையில் ஒரு முழு இசைக்குழுவை வைத்துக்கொண்டு அவர்கள் அந்த இடத்தைச் சும்மா விட்டார்கள். அதன் பிறகே அறிவிப்பாளர் குரல் வருகிறது, நிலைமையைச் சமாளிக்கிற மாதிரி ஒரு பியானோ வருகிறது. அந்தச் சில நொடிகளில்தான் செய்தியாளர் இறந்துபோகிறார். என் டக்கிங் அங்கே இருந்திருந்தால் அரை நொடியில் இசையை ஏற்றிவிட்டிருக்கும். யாரும் இறந்திருக்க மாட்டார்கள்.

தொழில்நுட்ப ரீதியாக என் தவறு இன்னும் சாதாரணமானது. இசைக்கு ஒரு ட்ராக், குரலுக்கு ஒரு ட்ராக் என்று தனித்தனியாகப் பதிந்திருக்கலாம். அதற்கான வசதி அதே மென்பொருளில் இருந்தது. நேரலையில் கலந்தது காதுக்கு, தனி ட்ராக்குகள் காப்புக்கு. சோம்பேறித்தனத்தில் எல்லாவற்றையும் ஒரே ட்ராக்கில் கொட்டினேன். வேலையில் பேக்கப் இல்லாமல் ஒரு வரி மாற்ற மாட்டேன். வீட்டில் இப்படி.

குரலையும் இசையையும் பிரிக்கும் நிரல்களை ஓட்டிப் பார்த்தேன். குரல் ஓரளவு சுத்தமாகத்தான் வந்தது. ஆனால் அந்த நான்கு நொடியில் புல்லாங்குழலோடு சேர்ந்து அப்பாவின் மூச்சும், தொண்டையைச் செருமும் சத்தமும் போய்விட்டன. அறையின் சத்தம்கூட இல்லை. அப்பா அங்கே இருந்து, பேசாமல் இருந்தார் என்பதற்கான தடயமே இல்லாத ஒரு வெற்றிடம். எனக்கு அது புல்லாங்குழலைவிட மோசமாக இருந்தது.

மறுபடி ஒருதடவை சொல்லுங்கப்பா என்று கேட்டேன். "ஒருவாட்டி சொல்லியாச்சுல்ல, விடுடா" என்று எழுந்து போய்விட்டார். அவர் சொன்னதும் சரிதான். இரண்டாவது முறை சொன்னால் எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

இப்போதும் நேரலையில்தான் கலக்கிறேன். டக்கிங்கை அணைத்துவிட்டேன். நான் பேசும்போது என் மனைவி ஹெட்போன் போட்டுக்கொண்டு ஸ்லைடரைப் பிடிக்கிறாள். சில இடங்களில் தாமதமாக ஏற்றுகிறாள், சில இடங்களில் கதையில் மூழ்கி ஏற்றவே மறந்துவிடுகிறாள். அந்த மறதிகள்தான் பெரும்பாலும் நன்றாக அமைகின்றன.

அப்பா பேசிய பகுதியை நீக்கவில்லை. அதன் விவரக் குறிப்பில் மட்டும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 17வது நிமிடத்தில் நான்கு நொடி புல்லாங்குழல் கேட்கும், அதைக் கண்டுகொள்ளாதீர்கள், அப்பா பேசிக்கொண்டிருக்கிறார்.