நீலம் தேய்ந்த 1911-க்கு எந்தப் பூச்சு?

தினமும் இடுப்பில் சுமக்கிற, தேய்ந்துபோன எஃகுப் பிஸ்டலுக்கு அடியில் பாஸ்பேட் படலம், அதன் மேல் செராகோட். இந்த இரட்டைப் பூச்சுதான் என் தேர்வு. அலமாரியில் வைத்து அவ்வப்போது எடுத்துப் பார்த்து மகிழ்வதற்கென்றால், பழையபடி புளூயிங்கே போதும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள்.

நான் ஆராய்ந்தது, ஹியூஸ்டனில் வசிக்கும் நண்பர் ஒருவரின் 1911 வகை பிஸ்டல். ஜான் பிரவுனிங் வடிவமைத்து, அமெரிக்க ராணுவம் 1911 மார்ச்சில் ஏற்றுக்கொண்ட அதே அமைப்பு. ஸ்லைடும் பிரேமும் முழுக்கக் கார்பன் எஃகு. ஹோல்ஸ்டரில் உரசி உரசி ஸ்லைடின் முன்விளிம்பு வெள்ளி நிறமாகிவிட்டது. விரல்கள் சுற்றிப் பிடிக்கும் முன்பக்கத்தில் ஊசிமுனை அளவில் குழிகள். மரக் கைப்பிடித் தகடுகளைக் கழற்றியதும் அடியில் செம்பழுப்புத் துரு. வளைகுடாக் கடலின் ஈரக்காற்றும் டெக்சாஸ் கோடையின் வியர்வையும் சேர்ந்தால் வேறென்ன ஆகும்!

புளூயிங் அடிப்படையில் ஒரு கட்டுப்பாடான துரு. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கரைந்த, 140 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் கொதிக்கும் தொட்டியில் எஃகை மூழ்கடித்தால், மேற்பரப்பு இரும்பு கருநீல மேக்னடைட்டாக மாறுகிறது. நன்றாகப் பாலிஷ் போட்ட எஃகில் வரும் அந்த ஆழமான நிறத்துக்கு இன்றுவரை மாற்று இல்லை, அளவுகளும் மாறுவதில்லை. ஆனால் படலம் மிக மெல்லியது. எண்ணெய் வற்றிய இடத்தில் வியர்வை நேராக எஃகைத் தொடும். நண்பரின் பிஸ்டலில் குழி விழுந்த இடங்கள் எல்லாமே கை படுகிற இடங்கள் என்பதைக் கவனியுங்கள். பாட்டிலில் விற்கும் குளிர் புளூயிங் திரவங்களைச் சிறு கீறல்களை மறைக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். முழுப் பிஸ்டலுக்கும் தடவுவது வீண்வேலை. ஹோல்ஸ்டர் அதைச் சீக்கிரமே துடைத்தெடுத்துவிடும்.

பார்க்கரைசிங் எனப்படும் பாஸ்பேட் பூச்சைத்தான் இரண்டாம் உலகப்போர்க் கால எம்1911ஏ1 பிஸ்டல்களில் பார்க்கிறோம். மாங்கனீசு சேர்ந்த, கொதிநிலையை ஒட்டிய பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் எஃகின் மேல் நுண்படிகங்கள் வளர்கின்றன. சாம்பல் நிறம், பளபளப்பே கிடையாது. புது அகல் விளக்கு எண்ணெயை உறிஞ்சுவதுபோல இந்தப் படலம் எண்ணெயை இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் இல்லாவிட்டால் பாதுகாப்பு குறைவுதான். ஆனால் பெயின்ட் பிடிப்பதற்கு இதைவிட நல்ல அடித்தளம் இல்லை. பிரிட்டிஷ் ராணுவம் தன் எல்1ஏ1 ரைஃபிள்களில் பாஸ்பேட்டின் மேல் கறுப்பு பெயின்ட் அடித்ததும் இதனால்தான்.

செராகோட் என்பது பாலிமரும் செராமிக்கும் கலந்த பூச்சு. அலுமினியம் ஆக்ஸைடு மணலால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, ஸ்ப்ரே செய்து, எச் வரிசை என்றால் 121 டிகிரியில் இரண்டு மணி நேரம் அடுப்பில் வைக்கிறார்கள். பூசிய பிஸ்டல்களைக் கையில் எடுத்தால் உலர்ந்த, லேசான மென்மை தெரிகிறது. கைரேகை தங்குவதில்லை, வியர்வை ஒட்டுவதில்லை. துருவைத் தடுப்பதில் புளூயிங்கை இதன் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது.

குறையும் உண்டு. பூச்சின் தடிமன் சுமார் 25 மைக்ரான். ஸ்லைடும் பிரேமும் இறுக்கமாகப் பொருந்திய 1911-இல் தண்டவாளப் பகுதிக்கு அதுவே அதிகமாகிவிடும். அங்கே பூசினாலும் உரசலில் தேய்ந்துவிடும். ஹோல்ஸ்டரின் வாய் உரசும் விளிம்புகளிலும் காலப்போக்கில் எஃகு எட்டிப்பார்க்கும். அடியில் பாஸ்பேட் இருந்தால், மேல்பூச்சு போன இடத்திலும் ஒரு காவல் மிஞ்சியிருக்கும். என் தேர்வுக்கு இதுவே முதல் காரணம்.

ஆயினும் பூச்சின் பெயரைவிட, பூசுவதற்கு முன் நடக்கும் வேலைதான் முக்கியம் என்பேன். குழிக்குள் மிச்சமிருக்கும் செந்துரு பூச்சுக்கு அடியில் தொடர்ந்து வேலை செய்யும். பல வருட எண்ணெய் குறிக்காட்டிகளின் அடியிலும் குழிகளிலும் ஒளிந்திருக்கும். அடுப்புச் சூட்டில் அது கசிந்து வெளியேறினால் அந்த இடத்தில் பூச்சு பிடிக்காது. ஆகவே நல்ல கன்ஸ்மித், எண்ணெய் போக்கிய பாகங்களை ஒருமுறை சும்மா சூடாக்கி, கசிவதைத் துடைத்துவிட்டு, மறுபடி சுத்தம் செய்த பிறகே ஸ்ப்ரேயைக் கையில் எடுப்பார். இதை நேரடியாகக் கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு கடை பாருங்கள். பேரலின் உட்புறத்தை அடைக்கிறாரா, ஸ்பிரிங்குகளையும் டிரிக்கர் அமைப்பின் உரசும் முகங்களையும் விட்டுவிடுகிறாரா என்றும் கேட்கவேண்டும்.

ஹார்ட் குரோம் நிறையச் சுடுபவர்களுக்கானது. ராக்வெல் சி அளவில் 65-ஐத் தாண்டும் கடினம், உரசலுக்கு அசையாது. ஆனால் அதன் நுண்விரிசல்கள் வழியே ஈரம் இறங்க வாய்ப்புண்டு, அடியிலுள்ள குழிகளையும் அது மறைக்காது. தொட்டியில் இருப்பது ஆறிணைதிறக் குரோமியம் என்ற கொடிய நஞ்சு என்பதால் வீட்டில் செய்கிற காரியமே அல்ல. கிளாக் புகழ்பெறச் செய்த டெனிஃபர் போன்ற நைட்ரைடு முறைகள் எஃகுக்குள்ளேயே ஊடுருவுபவை, அருமையானவை. ஆனால் 500 டிகிரிக்கு மேற்பட்ட சூடு தேவை. எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்று தெரியாத பழைய பாகத்தை அந்தச் சூட்டுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. அலுமினியக் கலவை பிரேம் உள்ளவர்கள் புளூயிங் தொட்டிப் பக்கமே போகக்கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். கையில் இருப்பது பழைய கோல்ட் ஆக இருந்து, தேய்ந்தாலும் அசல் புளூயிங்குடன் இருந்தால், எதையும் பூசாதீர்கள். சேகரிப்பாளர்கள் அசலுக்குத்தான் விலை கொடுப்பார்கள். புதிதாகப் பாலிஷ் போட்டால் கூர்மையான எழுத்துகளும் விளிம்புகளும் மழுங்கும். அடுத்து, வரிசை எண். அது அழிக்கப்பட்ட துப்பாக்கியை வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மணல் வீச்சும் பாலிஷும் அந்த எண்ணை மங்கவைக்காமல் பார்த்துக்கொள்ளும்படி எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். வேலைக்கு எடுப்பவரிடம் கூட்டாட்சி உரிமம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நண்பரின் பிஸ்டலுக்கு நான் சொன்னது: துருவை முழுக்க எடுத்து, மாங்கனீசு பாஸ்பேட், மேலே கறுப்பு எச் வரிசை செராகோட், தண்டவாளங்களில் பாஸ்பேட் மட்டும். கைப்பிடித் தகடுகளுக்கு அடியிலும் கட்டாயம் பூசவேண்டும். யாரும் பார்க்காத அந்த இடத்தில்தான் துரு முதலில் பிடித்திருந்தது. பூசியபின் தண்டவாளத்துக்கு எண்ணெய் வழக்கம்போலத் தேவை. வீட்டுக்கு வந்ததும் தோல் ஹோல்ஸ்டரிலிருந்து பிஸ்டலை வெளியே எடுத்து வைக்கவேண்டும். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து, பூச்சு தேய்ந்த விளிம்பில் இரவெல்லாம் அழுத்திக்கொண்டிருக்கும்.