மூணாறுக்குப் போனால் முதலில் டீ மியூசியம்!

மூணாறுக்குப் போய் வந்தேன் என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "டீ மியூசியம் பார்த்தீங்களா?" என்பதுதான். "எங்கங்க நேரம்? மாட்டுப்பட்டி டேம் போனோம், போட்டிங் போனோம், சாக்லேட் வாங்கினோம், இறங்கிட்டோம்" என்பார்கள். எனக்கு மனசே ஆறாது. டவுனிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் இருக்குமா? நல்லதண்ணி எஸ்டேட்டுக்குள் அப்படி ஒரு பொக்கிஷத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்களே!

மியூசியம் என்றால் எனக்குப் பைத்தியம். பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்தவன். எங்களுக்கு டவுன் என்றால் கோயம்புத்தூர். அங்கே 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தில்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. பிறகு சென்னை எழும்பூர் அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கிய அந்த இடத்தில், சோழர் காலத்து நடராஜர்களுக்கு முன்னால் கால் வலிக்க நின்றிருக்கிறேன். டெல்லிக்குப் போய் ரயில் மியூசியத்தையும் பார்த்தாயிற்று. அத்தனையும் பார்த்த பிறகும், என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது இந்த எஸ்டேட் மியூசியம்தான். இங்கே இருப்பவற்றில் சில, தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து மலை ஏறிய பொருள்கள், இல்லையென்றால் தமிழ்நாட்டுப் பக்கம் சரக்கை இறக்கிவிட்ட பொருள்கள். தமிழ் பேசும் எவரும் இதற்குள் விருந்தாளி மாதிரி நடக்க வேண்டியதில்லை.

அந்தச் சூரியக் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கருங்கல் மேல் பதித்த கடிகாரம், 1913-ஆம் வருடத்தது. செய்தது யார் தெரியுமா? லண்டன் கம்பெனி எதுவும் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தின் ஆர்ட் இண்டஸ்ட்ரியல் ஸ்கூல்! தேரிக்காட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் செய்த பொருள், பாதி வருடம் சூரியன் எட்டிப் பார்க்கவே யோசிக்கும் மூணாறு மலைக்கு வந்திருக்கிறது. வெயில் அடிக்கிற நாளில் போனால் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சூரிய நேரம் சராசரியாக 20 நிமிடத்துக்கு மேல் பின்தங்கி நிற்கும். கடிகாரத்தின் மேல் பழி போடாதீர்கள். இந்திய நேரத்தைக் கணக்கிடும் தீர்க்கரேகை 82.5 பாகை, மூணாறு இருப்பது ஏறக்குறைய 77-இல். ஒரு பாகைக்கு 4 நிமிடம். மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். மலையின் சொந்த நேரத்தை ஒரு கல்லில் நின்று படிக்கிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தால்தான் தெரியும்.

அடுத்தது சக்கரம். என்னைக் கேட்டால் இந்த ஒரு சக்கரத்துக்காகவே நுழைவுச் சீட்டு வாங்கலாம். குண்டளைப் பள்ளத்தாக்கு லைட் ரயில்வேயின் இன்ஜின் சக்கரம் அது. மூணாறில் ரயிலா என்று கேட்காதவர் இல்லை. ஓடியது ஐயா, ஓடியது! 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாளம். யூவிங் முறை என்று பெயர். சின்னச் சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் உருளும். வண்டி சாய்ந்துவிடாமல் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் ரோட்டில் ஊன்றிக்கொண்டே வரும். இழுத்தவை காளை மாடுகள். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல ரயில் பாதை போட்டார்கள், நீராவி இன்ஜின் வந்தது. இதே யூவிங் முறையில் பஞ்சாபின் பாட்டியாலாவில் ஓடிய வண்டியின் இன்ஜினைத்தான் டெல்லி ரயில் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தபோது, "இதெல்லாம் 1907. எங்க மலையில அஞ்சு வருஷம் முன்னாடியே ஓடிருச்சு" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டாப் ஸ்டேஷனுக்குப் போன தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. அதற்கு பாட்டம் ஸ்டேஷன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர், பிறகு துறைமுகம், கப்பல், இங்கிலாந்து. அரிசியும் மற்ற சாமானும் அதே வழியில் மேலே ஏறின. 1924 ஜூலையில் அடித்த பெருவெள்ளம் அந்த ரயிலை வாரிக்கொண்டு போய்விட்டது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் இன்றைக்கும் அதை 99-ஆம் வெள்ளம் என்பார்கள். மறுபடி பாதை போடவே இல்லை. போனது போக மிஞ்சியதைத்தான் இங்கே நாம் இரண்டடி தூரத்தில் நின்று பார்க்கிறோம்.

கன்னிமலை எஸ்டேட்டில் 1920-களில் மின்சாரம் எடுத்த பெல்டன் சக்கரமும் இருக்கிறது. அதன் கிண்ணங்களை உற்றுப் பாருங்கள். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்துக் குவித்த மாதிரி, நடுவில் ஒரு கூரான விளிம்பு. பீய்ச்சி அடிக்கும் தண்ணீர் அந்த விளிம்பில் மோதி இரண்டாகப் பிரிந்து, வந்த திசைக்கே வளைந்து திரும்பும். திரும்பும்போது தன் வேகத்தையெல்லாம் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். தண்ணீர் கொஞ்சமாக இருந்தாலும் உயரத்திலிருந்து விழுந்தால் போதும். மலைக்கென்றே பிறந்த இயந்திரம்!

மர பாத் டப், மேக்னெட்டோ போன், டைப்ரைட்டர், கையால் சுற்றும் கணக்கு மெஷின் எல்லாம் உண்டு. துரைமார் பங்களாவில் எப்படி வாழ்ந்தார்கள் என்பது அதில் தெரியும். நான் அங்கே அதிகம் நிற்பதில்லை.

நான் நிற்பது 1905-ஆம் வருடத்துத் தேயிலை ரோலர் முன்னால். கடைசியாகப் போனபோது சித்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளி ரிட்டையர் ஆனவர். லயத்திலேயே பிள்ளைகளை வளர்த்தவர். இந்த மியூசியத்துக்குள் அதுவரை கால் வைத்ததில்லை.

"சித்தி, இது 1905-ல வந்த மிஷினாம்."

"இருக்கும்பா. நாங்க எடுத்த கொழுந்து எங்க போவுது, என்ன ஆவுதுன்னு நாங்க எங்க பாத்தோம்? எடை போட்டாங்க, லாரி வந்துச்சு, போயிருச்சு. இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார்.

பிறகு உள்ளே ஓடும் சின்னத் தொழிற்சாலைப் பக்கம் போனோம். மியூசியத்திலேயே உயிரோடு இருக்கும் பகுதி அதுதான். வாட்டிய இலை, பல் பல்லாக வெட்டிய உருளைகளுக்கு நடுவே போகிறது. நசுங்கி, கிழிந்து, சுருண்டு பச்சைப் பொடியாக வருகிறது. அதை அப்படியே காற்றாட விட்டால் கண் முன்னால் நிறம் மாறுகிறது. பச்சை மங்கி, செம்பு நிறத்துக்கு வருகிறது. வாசனையும் மாறுகிறது. முதலில் வெட்டிய புல், பிறகு பழுத்த பழம், கடைசியில் சூட்டில் உலர்ந்து வெளியே வரும்போதுதான் நமக்குத் தெரிந்த டீ. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரைக் கிலோ பச்சை இலை போகிறது. சித்தி, தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் சல்லடைப் பக்கமே நின்றுவிட்டார். கடைசியில் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று இன்னொரு டம்ளர் வாங்கினார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது.

பெரியகானல் எஸ்டேட் பக்கத்தில் கிடைத்த முதுமக்கள் தாழி ஒன்றையும் தவறவிடாதீர்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். பூஞ்ஞாறு அரசரிடம் மன்றோ என்ற துரை இந்த மலையைக் குத்தகைக்கு எடுத்தது 1877-இல். ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட்டில் முதல் தேயிலைச் செடிகளை ஊன்றியது 1880-இல். அதற்கு இரண்டாயிரம் வருடம் முன்னாலேயே இங்கே மனிதர்கள் செத்தவர்களை மரியாதையோடு அடக்கம் செய்திருக்கிறார்கள். எங்களைப் போல் உடுமலை, சின்னாறு செக்போஸ்ட் வழியாக ஏறுகிறவர்கள் மறையூரில் இறங்கி, பாறை மேல் நிற்கும் முனியறைகளைப் பார்த்துவிட்டு வரலாம். கற்பலகைகளை நிறுத்தி எழுப்பிய அந்த அறைகளைப் பார்த்த கையோடு தாழியைப் பார்த்தால், இந்த மலையில் முதலில் வந்தவர் யார் என்ற கேள்விக்கே வேறு அர்த்தம் வந்துவிடுகிறது.

எனக்கு ஒரே ஒரு ஆசை உண்டு. இந்த எஸ்டேட்டுகளை நடத்தும் இப்போதைய கம்பெனி 2005-இல் அமைந்தபோது பெரும்பங்கு தொழிலாளர்கள் கைக்கு வந்தது. 2015-இல் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் கொழுந்து எடுக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், மூணாறு ரோட்டில் உட்கார்ந்து போனஸ் கேட்டு நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். அந்தப் பெண்களுக்கென்றே ஒரு பெரிய அறை வேண்டும். அவர்கள் முதுகில் தொங்கிய கூடை, மழைக்குப் போர்த்திய பிளாஸ்டிக், அவர்கள் குரலிலேயே பதிவு செய்த பேச்சு எல்லாம் அங்கே இருக்க வேண்டும். சித்தி மாதிரி எத்தனை பேர் சொல்வதற்குக் கதைகளோடு இருக்கிறார்கள்!

திங்கட்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போகாதீர்கள். காலையில் திறந்ததும் போய்விடுங்கள். டூரிஸ்ட் வேன்கள் வந்துவிட்டால் ரோலர் பக்கம் நிற்க இடம் கிடைக்காது. மூணாறின் கதையைச் சொல்லும் படம் ஒன்று போடுகிறார்கள், முழுதாக உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் அப்படியே டாப் ஸ்டேஷனுக்கு வண்டியை விடுங்கள். சக்கரத்தைப் பார்த்துவிட்டு அந்த ரோட்டில் போவது வேறு மாதிரி இருக்கும். எந்த வளைவில் தண்டவாளம் எப்படித் திரும்பியிருக்கும் என்று கண் தேடிக்கொண்டே போகும். மேலே நின்று தேனிப் பக்கம் பார்த்தால் கொட்டகுடி இருக்கும் பள்ளம் தெரியும். அடுத்து நான் போகப்போவது அந்தப் பக்கம்தான். வனத்துறை அனுமதி கிடைத்தால், கீழே உள்ள குரங்கணியிலிருந்து, நடுவில் இருக்கும் சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக நடந்தே ஏறி, கம்பிவடம் போன தடத்தைக் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு வரவேண்டும். யாராவது கூட வருகிறீர்களா?