எளிமை என்னும் விலையுயர்ந்த பொருள்

கொழும்பின் வசதி படைத்தோர் பகுதிகளில் அண்மைக் காலமாக எழுந்துவரும் தனிவீடுகளுக்கு ஒரு பொது இலக்கணம் உண்டு. அலங்காரம் கூடாது. சாமான்கள் கண்ணில் படக்கூடாது. தரை, சுவர், சமையலறை மேடை யாவும் பெரும் பீங்கான் பலகைகளால் போர்த்தப்படும். 1600 மில்லிமீற்றர் அகலமும் 3200 மில்லிமீற்றர் நீளமும் உடைய பலகை ஆறே மில்லிமீற்றர் தடிப்பில் கிடைக்கிறது. இணைப்புக் கோடு தெரியாமையே இதன் பெருமை. இதற்கு ‘எளிமை’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அந்தச் சொல்லை அவர்களுக்கே விட்டுக்கொடுக்க நமக்கு மனம் ஒப்பவில்லை.

பொருளின் மீது நமக்குப் பகையில்லை. வெண்களியும் பெல்ஸ்பாரும் படிகக்கல்லும் அரைத்து, பேரழுத்தத்தில் இறுக்கி, 1200 பாகை செல்சியசளவில் சுட்டெடுக்கும் இப்பலகை நீரை அரை வீதங்கூட உறிஞ்சாது. ஈரமும் பூஞ்சணமும் மிக்க நாட்டில் இது சிறிய நன்மையன்று. அதன் மூலப்பொருளான பெல்ஸ்பார் மாத்தளை மாவட்டத்து ஓவலப் பகுதியிலேயே தோண்டப்படுகிறது.

ஆனால் ‘அலங்காரமற்ற’ அச்சுவரைச் சற்று நெருங்கிப் பாருங்கள். இத்தாலியக் கராரா மலையின் சலவைக்கல் நரம்புகள் அங்கே மையினால் அச்சிடப்பட்டிருக்கும்! அலங்காரம் ஒழியவில்லை, தன்னை அலங்காரம் என்று ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

1929ஆம் ஆண்டு பிராங்க்போர்ட்டில் கூடிய நவீன கட்டடக் கலைஞர் மாநாடு, உழைப்பாளி குடும்பம் மனிதராக வாழப் போதுமான குறைந்தபட்ச வீடு எது என்று ஆராய்ந்தது. அதே ஆண்டில் பார்சலோனாக் கண்காட்சியில் மீஸ் வான் டெர் ரோ சலவைக்கல்லும் ஓனிக்ஸ் கல்லும் பதித்த மண்டபத்தை எழுப்பினார். முன்னது அனைவருக்கும் உரிய அளவைத் தேடிற்று. பின்னது குறைவையே ஆடம்பரமாக்கிற்று. நமது பீங்கான் வீடு பின்னதன் வாரிசு.

நாவுலப் பிரதேசத்து நாலந்தா கெடிகேயைக் கண்டவர்களுக்கு வேறொரு மேற்பரப்புத் தெரியும். பல்லவச் சாயலில் எழுந்த அப்பௌத்தக் கற்கோயிலில் கல் போர்வையன்று. கல்லே சுவர், கல்லே பாரம் தாங்குவது. மகாவலித் திட்டத்து நீர்த்தேக்கத்தில் மூழ்க இருந்த அதனைக் கல் கல்லாகப் பிரித்து, 1980ஆம் ஆண்டளவில் மேட்டில் மீளக் கட்டினார்கள். பசையிட்டு ஒட்டிய ஆறு மில்லிமீற்றர் பலகையைப் பெயர்த்தால் சில்லுகளே மிஞ்சும்.

அந்த நாவுல வழியாகத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையிறங்கிய தமிழகத்துக் கூலியாட்கள் தம்புள்ளைக் காடு கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டார்கள். எஞ்சியோருக்குக் கிடைத்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா. அங்கும் அலங்காரமில்லை, சாமானில்லை. எந்தக் கலைஞரும் அதனை எளிமையின் அழகென்று படம் பிடித்துப் பாராட்டியதில்லை. அந்த லயங்களிலிருந்து வரும் பெண்கள் பலர் இன்று நகரத்து வீடுகளில் வேலை செய்கிறார்கள். கைரேகை படிந்தாலும் தெரிகிற பளிங்குச் சுவரை நாள்தோறும் துடைப்பது யார்? வீட்டின் திட்டப்படத்தில் அவளுக்கான அறை எங்கே? வெறுமையைப் பேணுவதற்கும் ஒருவர் உழைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

மாற்று வழி இல்லாமலில்லை. மினற் டி சில்வா 1958இல் கண்டி வட்டபுலுவவில் அரச ஊழியர் குடியிருப்பை வடிவமைத்தபோது, குடிபுக இருந்தோரிடமே வினாக்கொத்துக் கொடுத்துக் கேட்டார். வெவ்வேறு இனத்தவர், வெவ்வேறு வருமானத்தவர், வெவ்வேறு தேவைகள். அதற்கேற்ப வீடுகளின் வகைகள் பிறந்தன. இன்று மலையகத்தில் இந்திய உதவியுடன் 550 சதுர அடி வீடுகள் கட்டப்படுகின்றன. நமது தேர்ந்த கட்டடக் கலைஞர்கள் ஓர் இணைப்புக் கோட்டை மறைக்கச் செலவிடும் சிந்தனையில் ஒரு பங்கையேனும் இங்கே செலவிடட்டும்: மழைக்காலத்தில் விறகை எங்கே உலர்த்துவது, அடுப்புப் புகை எந்த வழியாக வெளியேறுவது, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை எந்த மூலையில் உட்காருவது?