படுவான்கரையின் வேட்டை நாய்

நல்ல சாதி நாய் என்றதும் நம்மவர் மனம் ராஜபாளையத்துக்கோ அல்சேஷனுக்கோ ஓடிவிடுகிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும், வடக்கே வாகரை, கதிரவெளிப் பக்கத்து வேடர் குடிகளிலும் பன்றி, உடும்பு வேட்டைக்குத் துணைபோன நாயை வெறும் ஊர்நாய் என்று ஒதுக்கிவிடுகிறோம். அதுவும் முழுமையான வேட்டை நாயே என்பேன். இந்தக் காடும் அது கேட்ட வேலையுமே அதன் குணத்தைச் செதுக்கின.

சிப்பிப்பாறை நாய் வெட்டவெளியில் முயலைக் கண்ணால் கண்டு ஓடிப் பிடிப்பது. நீண்ட காலும் ஒடுங்கிய வயிறும் அதற்கு வேண்டும். சூரைமுள் மண்டிய நம் பற்றைக்காட்டில் நாலடிக்கு அப்பால் கண் போகாது. அங்கே மூக்கும் காதும்தான் வேட்டை நடத்தும். முள்ளுக்குள் நுழைய நடுத்தர உடம்பும் ஒட்டிய மயிரும் போதும். உடும்பு பதுங்கிய புற்றடியில் இந்த நாயைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு துளையாக மூச்சை இழுத்து மோந்துகொண்டே போகும். சரியான துளையில் வால் விறைத்து நிற்கும். பிறகுதான் முன்காலால் பறிக்கத் தொடங்கும். பன்றியிடம் முறை வேறு. எட்ட நின்று சுற்றிச் சுற்றிக் குரைத்து, ஆள் வரும்வரை அதை நிறுத்திவைக்கும். கண்மூடிப் பாய்ந்த நாய் பன்றிக் கொம்பில் குடல் சரிந்து செத்தது. நிதானித்த நாயே உயிரோடிருந்து குட்டி போட்டது. தலைமுறை தலைமுறையாக நடந்த தெரிவு இதுதான்.

நிறமும் உயரமும் ஒன்றுபோல் இல்லாததை எப்படி இனம் என்பது என்று கேட்பார்கள். வம்சப் பதிவேட்டை ஒழுங்காக்கிய கென்னல் கிளப் லண்டனில் தொடங்கியதே 1873இல்தான். மனிதன் நாயோடு வேட்டையாடியதோ பல்லாயிரம் ஆண்டுகளாக. பேர்பெற்ற சாதி நாயும் இந்த மண்ணில் தடுமாறியிருக்கிறது. ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் 1848இல் இங்கிலாந்திலிருந்து உயர்சாதி வேட்டை நாய்களை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தார். குளிர்ந்த மலையிலேயே சிறுத்தைக்கும் நோய்க்கும் அவர் பல நாய்களைப் பறிகொடுத்தார். வெக்கையும் உண்ணியும் மாரிச் சேறும் பழகிய உடம்பைக் கப்பலில் இறக்க முடியாது.

வேட்டை நாயைப் புகழ்வது களவு வேட்டைக்குத் துணைபோவதாகாதா என்பது கனமான கேள்வி. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டம் அவசியமானது; மரையையும் உடும்பையும் இனி விட்டுவிடத்தான் வேண்டும். ஆனால் எட்ட நின்று எச்சரிக்கும் அந்த நாயின் குணம் இன்றைக்கும் தேவை. சேனையில் பன்றி இறங்கினாலும், மாட்டுப்பட்டிப் பக்கம் இரவில் யானை வந்தாலும், முதலில் அறிவது அதுதான். வீட்டாரிடம் மட்டும் ஒட்டி, அந்நியரிடம் விலகி நிற்கும் சுபாவமும் காவலுக்கே ஏற்றது. மீன்தலையும் சோறும் தின்று வளரும் என்பதற்காகக் கவனிக்காமல் விடக்கூடாது. வருடாவருடம் விசர்நாய்த் தடுப்பூசி, பூச்சிமருந்து, காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி பார்ப்பது ஆகியவை கட்டாயம். கண்டபடி பெருகவிடாமல், வேலையில் தேறாதவற்றுக்குக் கருத்தடை செய்து, தேறிய தாயின் குட்டிகளையே பட்டிக்காரரிடம் கொடுக்க வேண்டும். ராஜபாளையத்துக்கு இந்தியா 2005இல் தபால்தலை வெளியிட்டது. நம் நாய்க்கு முத்திரை வராவிட்டாலும் பாதகமில்லை. செய்ய வேலையும் கவனிக்க ஆளும் இருந்தால் இனம் தானாக நிலைக்கும்.