எளிமை வேறு, சுருக்கம் வேறு: சிறப்புக் கல்வி வகுப்பில் செய்தி நடை

நாட்டு நடப்பு என்பது கற்றவர்க்கு மட்டும் உரிய பொருளன்று. புகைமூட்டம் படித்தவன், படியாதவன் என்று பார்த்து வருவதில்லை. அரிசி விலை ஏறினால் அஃது எல்லா வீட்டு அடுப்பையும் தொடுகிறது. ஆயினும், சிறப்புக் கல்வி வகுப்பில் நாட்டு நடப்புக்குரிய இடம் மிகச் சிறிது. எழுத்தும் எண்ணும் கைத்தொழிலும் தன்னைப் பேணும் பழக்கமும் கற்பித்தாற் போதும். செய்தி அம்மாணவர்க்கு எட்டாது என்பார் பலர். எட்டாதிருப்பது செய்தியா, செய்தியை எழுதும் நடையா என்பது ஆராய்தற்குரியது.

மலேசியாவில் இக்கேள்வி முன்னினும் இன்று கனமானது. 2019ஆம் ஆண்டு ஜூலையில் மக்களவை ஏற்றுக்கொண்ட அரசியல் சட்டத் திருத்தம், வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. அது 2021 டிசம்பர் 15ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அது முதல் 18 வயது நிறைந்த குடிமகன் விண்ணப்பம் ஏதுமின்றியே வாக்காளர் பட்டியலில் சேர்கிறான். வாக்குரிமை இழப்போரைப் பற்றிப் பேசுவது அரசியல் சட்டத்தின் 119ஆம் பிரிவு. கற்றல் இடர்ப்பாடு என்னும் ஒன்றே காரணமாக ஒருவன் அவ்வுரிமையை இழப்பான் என்று அப்பிரிவு கூறவில்லை. ஆகவே, இன்று சிறப்புக் கல்வி வகுப்பில் அமர்ந்திருக்கும் 12 வயதுச் சிறுவன் ஆறே ஆண்டில் வாக்காளன் ஆவான். கையில் வாக்குச் சீட்டைத் தந்துவிட்டு, அதன் பொருளைச் சொல்லாது விடுவது அறமாகுமா?

சிறப்புத் தேவை என்பது ஒரே வகையினதும் அன்று. பார்வையற்ற மாணவனுக்கு நடையை எளிதாக்க வேண்டுவதில்லை. செய்தியை ஒலியாகவோ பிரெய்ல் எழுத்தாகவோ தந்தாற் போதும். ஈண்டுப் பேசப்படுவது கற்றல் இடர்ப்பாடுடைய மாணவரைப் பற்றியே. அவர்க்குத் தடையாய் நிற்பது வாக்கிய அமைப்பு.

நாளிதழ் வாக்கியம்

2019 செப்டம்பரில் புகைமூட்டம் மிகுந்து, மலேசியாவின் பல மாநிலங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. அச்செய்தியை நாளிதழ்களின் வழக்கமான நடையில் அமைத்தால் பின்வருமாறு அமையும்:

"சுமத்திராவில் ஏற்பட்ட தீயின் காரணமாகக் காற்றின் தரம் மிக மோசமான நிலையை எட்டியதைத் தொடர்ந்து, மாணவர்களின் உடல்நலனைக் கருத்தில் கொண்டு, பாதிக்கப்பட்ட பகுதிகளிலுள்ள பள்ளிகளை மூட உத்தரவிடப்பட்டுள்ளதாக அறிவிக்கப்பட்டது."

இலக்கணப்படி இதில் பிழையில்லை. ஆனால் தீ, காற்றின் கேடு, உத்தரவு, பள்ளி மூடல், அறிவிப்பு ஆகிய ஐந்து நிகழ்ச்சிகள் ஒரே வாக்கியத்தில் அடுக்கப்பட்டுள்ளன. தமிழில் பயனிலை ஈற்றில் நிற்பது. எனவே, மாணவன் எல்லாவற்றையும் நினைவில் சுமந்துகொண்டு கடைசிச் சொல் வரையில் நடக்கவேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தபின் கிடைப்பது "அறிவிக்கப்பட்டது" என்னும் செயப்பாட்டு வினை. அறிவித்தவர் யார்? உத்தரவிட்டவர் யார்? வாக்கியத்தில் விடையில்லை. கற்றுத் தேர்ந்தவர் அதனைத் தம் பொது அறிவால் நிரப்பிக்கொள்வர். சிறப்புக் கல்வி மாணவனிடம் இல்லாதது அந்தப் பொது அறிவே. அதனைத் தேடித்தான் அவன் செய்தியிடம் வருகிறான்.

எளிமை என்னும் பெயரால் வறுமை

இக்குறையை நீக்கப் புகுவோர் பெரும்பாலும் கத்தரிக்கோலை எடுக்கின்றனர். "புகை வந்தது. பள்ளிக்கு விடுமுறை." இவ்வாறு சுருங்கிவிடுகிறது செய்தி. படிக்க எளிதுதான். ஆனால் புகை எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது, பள்ளியை மூடியது யார் என்னும் மூன்றும் போய்விட்டன. மிஞ்சியது செய்தியின் எலும்புகூட அன்று, அதன் நிழல். மாணவன் இதனைக் கற்றபின் அறிவது, கற்குமுன் சன்னல் வழியே பார்த்து அறிந்ததைவிடச் சிறிதும் கூடுதலில்லை.

வேறொரு வழி உண்டு:

"சுமத்திரா இந்தோனேசியாவில் உள்ள ஒரு தீவு. அங்கே சிலர் நிலத்தைத் துப்புரவு செய்யத் தீ வைத்தனர். தீ பரவியது. காடும் கரிநிலமும் எரிந்தன. காற்று அந்தப் புகையை மலேசியாவுக்குக் கொண்டு வந்தது. புகையைச் சுவாசித்தால் உடம்புக்குக் கெடுதல். ஆகவே, அரசாங்கம் பள்ளிகளை மூடியது."

வாக்கியங்கள் ஏழாயின, செய்தியும் முன்னையதினும் சற்று நீண்டது. ஆயினும், ஒவ்வொரு வாக்கியமும் ஒரு செயலையே கூறுகிறது. செய்தவர் பெயரும் காரணமும் நிற்கின்றன. எளிமை வேறு, சுருக்கம் வேறு என்பது இதனால் விளங்கும். எளிய நடை இடம் மிகுதியாகக் கேட்கும். அதனைத் தரத் தயங்கினால் வெட்டுண்பது காரணமே.

பிறநாட்டு முயற்சிகள்

சுவீடன் நாட்டில் 1984ஆம் ஆண்டு முதல் வெளிவந்த "ஓட்டா சீடோர்" என்னும் இதழ், எளிய நடைக்கென்றே அமைந்த செய்தித்தாள். "எட்டுப் பக்கங்கள்" என்பது அப்பெயரின் பொருள். ஜெர்மனியின் பொது வானொலி நிலையம் ஒன்று 2013இல் எளிய மொழிச் செய்தி வழங்கத் தொடங்கியது. அருஞ்சொற்களுக்கு விளக்கமும் உடன் தருகிறது. இவற்றின் சிறப்பு, பொருளைக் குறைக்காமை. தேர்தலும் போரும் வரவு செலவுத் திட்டமும் அவற்றில் இடம்பெறுகின்றன. வளர்ந்தவனுக்குப் பொம்மைக் கதை தருவதில்லை.

ஆயினும், அவர்களுடைய விதிகளை அப்படியே தமிழில் நடுதல் பயன் தராது. ஜெர்மானிய எளிய நடை விதி, நீண்ட தொகைச்சொல்லை இடைக்கோடிட்டுப் பிரிக்கச் சொல்கிறது. தமிழ்ச் செய்திச் சொல்லின் நீளம் பெரும்பாலும் தொகையால் வருவதன்று. விகுதிமேல் விகுதி ஏறுவதால் வருவது. "பாதிக்கப்பட்டுள்ளவர்களுக்கு" என்பதை எங்கே கோடிட்டுப் பிரிப்பது? "துன்பப்படும் மக்களுக்கு" என்று மாற்றுவதே வழி. மேலும், தமிழ் வாக்கியம் எழுவாயை மறைத்து நிற்க வல்லது. நீண்ட வாக்கியத்தைத் துண்டாக்கும்போது, வேண்டிய இடங்களில் அந்தத் தோன்றா எழுவாயைத் தோன்றச் செய்யவேண்டும். இல்லையேல் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தா.

தலைப்புகளும் கவனத்திற்குரியவை. "விலைவாசி விண்ணைத் தொட்டது", "தேர்தல் களம் சூடு பிடித்தது", "எதிரணி மண்ணைக் கவ்வியது" என்பன நாளிதழுக்கு அழகு. சொல்லைச் சொல்லாகவே கொள்ளும் இயல்பு ஆட்டிசம் உடைய மாணவர் பலரிடம் உண்டு. அத்தகைய மாணவன், மண்ணைத் தின்றவர் யார் என்று கேட்பான். நகைப்பதற்குரிய கேள்வியன்று அது. அணியை அகற்றிப் பொருளைக் கூறுவது ஆசிரியர் கடன்.

எளிய நடையின் ஆபத்து

இந்நடைக்கும் ஓர் ஆபத்து உண்டு. "விலை குறையும் என்று அமைச்சர் கூறினார்" என்பதை எளிதாக்குவதாக எண்ணி "விலை குறையும்" என எழுதிவிட்டால், ஒருவர் கூற்று உண்மையாகிவிடுகிறது. "அமைச்சர் பேசினார். விலை குறையும் என்றார்." என்று இரண்டாக்கலாம், கூறியவரை நீக்கலாகாது. வருங்கால வாக்காளன் முதலில் கற்கவேண்டிய பாடம், நடந்தது வேறு, ஒருவர் சொன்னது வேறு என்பதே. அதனை மறைக்கும் எளிமை, மாணவனை ஆசிரியரின் கருத்துக்கோ ஒரு கட்சியின் கருத்துக்கோ அடிமையாக்கும்.

இவ்வளவும் தமிழாசிரியர் கைக்கு எட்டாத வேலையன்று. வாரத்துக்கு ஒரு செய்தி போதும். முதலில் பேச்சுத் தமிழில் சொல்லி, பின்னர் எழுத்தில் தரலாம்; நிலப்படம் ஒன்றும் உடனிருந்தால் நன்று. படித்து முடித்தபின் யார், என்ன, எங்கே, ஏன் என்னும் நான்கு வினாக்கள். மாணவன் விடை கூறாவிடில், அவன் மதியை அளக்குமுன் எழுதிய வாக்கியத்தை மீண்டும் பார்த்தல் வேண்டும். அவ்விடை அந்த ஏட்டிலேயே இல்லாதிருக்கக் கூடும்.