சரித்திராசிரியர் அரசரத்தினமும் நமது செக்ரோல் புத்தகமும்

நமது தோட்டத்து மேடைகளிலும் நகரத்து மண்டபங்களிலும் சரித்திரம் என்ற சொல் எழுந்தவுடன் 1025-ஆம் ஆண்டே முன்வந்து நிற்கின்றது. இராஜேந்திர சோழன் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தை வென்றான் என்று பிரசங்கியார் முழங்குகின்றார், கேட்போர் கைதட்டுகின்றனர். கைதட்டிய அன்பரைத் தனியே அழைத்து, "உமது பாட்டனார் எந்த ஆண்டில், எந்தக் கப்பலில், எந்தத் துறைமுகத்தில் வந்திறங்கினார்?" என்று கேட்டால் அவர் விழிக்கின்றார். ஆயிரம் ஆண்டுகட்கு முன் படையெடுத்த மன்னனை அறிவோம். நூறாண்டுகட்கு முன் மூட்டையுடன் வந்த பாட்டனை அறியோம். இதனினும் இரங்கத்தக்க நிலை வேறுண்டோ?

இக்குறையைப் போக்க முயன்ற அறிஞர் சிலருள் பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் ஒருவர். 1930-இல் யாழ்ப்பாணத்திற் பிறந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பயின்று, லண்டனில் டாக்டர் பட்டம் பெற்றவர். இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சி வேரூன்றிய வரலாற்றைப் பற்றிய அவரது முதல் நூல் 1958-இல் வெளிவந்தது. 1960-களின் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்திற்கு வந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் சரித்திரம் போதித்தார். நாம் வாழும் சுங்கை வேயிலிருந்து அப்பல்கலைக்கழகம் சில மைல் தொலைவுதான். ஆயினும் அங்கே நம்மவரின் கதையை ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார் என்பதை அக்காலத்தில் நமது லயங்களில் எத்தனை பேர் அறிந்திருப்பர்? 1970-இல் 'மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியர்' என்னும் பொருளில் அவரது ஆங்கில நூல் வெளிவந்தது. 1979-இல் திருத்திய பதிப்பும் வந்தது. இதற்கிடையில் அவர் ஆஸ்திரேலியா சென்று ஆர்மிடேல் நகரத்துப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார், 1998-இல் காலமானார்.

அந்நூலை நாம் ஆங்கிலப் பள்ளியிற் படித்த பயனாகப் படிக்க நேர்ந்தது. படித்தபோது முதலில் மகிழ்ச்சியும், பின்னர் வெட்கமும் உண்டாயின. மகிழ்ச்சிக்குக் காரணம், ஆசிரியர் முகஸ்துதி செய்யாமை. இந்தியர் என்று ஒரே பெயரால் அழைக்கப்பட்ட போதிலும் கூலியாய் வந்தவர், கிராணியாய் வந்தவர், வட்டிக்கடை வைக்க வந்தவர் என்று வெவ்வேறு வழியாய் வந்து, வெவ்வேறாகவே வாழ்ந்தோம் என்பதை அவர் மறைக்கவில்லை. கெர்னியல் சிங் சந்து 1969-இல் வெளியிட்ட பெருநூல் குடியேற்றத்தின் எண்ணிக்கைகளையும் குடியிருப்புகளையும் அளந்து காட்டிற்று. அரசரத்தினத்தின் சிறிய நூலோ அரசியல், தொழில், சமயம், கல்வி யாவற்றையும் ஒரே கோவையாகத் தொடுத்துச் சாமானியனும் வாசிக்கத்தக்கதாய் அமைத்தது. ஒப்பந்தக்கூலி முறை 1910-இல் முடிவுற்றதும், கங்காணி முறை அதனிடத்தைப் பற்றிக்கொண்டதும், 1938-இல் இந்திய அரசாங்கம் கூலிகளை அனுப்புவதை நிறுத்தியதும் தனித்தனிச் செய்திகளல்ல, ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பது இத்தகைய நூல்களாலேதான் நமக்கு விளங்குகின்றது.

இனிக் குறைக்கு வருவோம். குறை கூறாத மதிப்புரை கல்யாணப் பத்திரிகைக்கு ஒப்பாகும். இந்நூலில் தொழிலாளியைப் பற்றிய செய்தி நிரம்ப உண்டு. தொழிலாளியின் குரல் மிகச் சிலவே. அரசாங்க அறிக்கையும் தொழில் இலாகாவின் கணக்கும் பேசுகின்றன. எத்தனை பேர் வந்தனர், எவ்வளவு சம்பளம் பெற்றனர் என்பது தெரிகின்றது. வந்தவர் என்ன நினைத்தனர் என்பது தெரியவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தையே எடுத்துக்கொள்வோம். துரைமாரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பன அப்போதைய கோரிக்கைகளுட் சில. சம்பள உயர்வோடு மானத்தையும் சேர்த்துக் கேட்ட அந்த மனிதர்கள் யாவர்? தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டதைச் சரித்திரம் சொல்கின்றது. சைக்கிளை விட்டிறங்க மறுத்தவனின் பெயரைச் சொல்லவில்லை.

ஏடுகளில் இல்லாததை ஆசிரியர் எங்ஙனம் எழுதுவார் என்று அன்பர்கள் கேட்கலாம். இதற்கு விடையை அவருடைய பிற்கால நூலே தருகின்றது. 1986-இல் வெளிவந்த, சோழமண்டலக் கரை வணிகத்தைப் பற்றிய அவரது பெருநூல், 1650 முதல் 1740 வரையுள்ள காலத்தை ஆராய்வது. அதற்கு ஆதாரம் பெரும்பாலும் ஐரோப்பியக் கும்பினியாரின் தஸ்தாவேஜுகளே. அவை கும்பினி தன் இலாப நட்டத்திற்காக எழுதியவை. ஆயினும் அவற்றினூடே நம் நாட்டு வணிகர் பேரம் பேசியதையும் தரகர் விலகி நின்றதையும் அவர் தேடியெடுத்தார். நெசவாளரைப் பற்றி 1980-இல் எழுதிய கட்டுரையிலும் இதே வழியைக் கையாண்டார். பிறன் எழுதிய கணக்கிலிருந்து நம்மவன் வாழ்வை மீட்டெடுப்பதில் அவர் வல்லவர். அந்த வித்தையைச் சோழமண்டலத்து நெசவாளனுக்குச் செலவிட்ட அளவு, சிலாங்கூர்க் கித்தாத் தோட்டத்துப் பால்வெட்டும் பெண்ணுக்குச் செலவிடவில்லை என்பதே நமது முறையீடு.

அது இயலக்கூடியதே என்பதற்கு அயல்நாட்டுச் சான்று ஒன்று கூறுவோம். அமெரிக்காவின் ஆதிக்காலத்தை ஆராயும் லாரல் தாச்சர் உல்ரிச் என்னும் அம்மையார் 1990-இல் ஒரு நூல் வெளியிட்டார். மேய்ன் பகுதியில் வாழ்ந்த மார்த்தா பல்லார்டு என்னும் மருத்துவச்சி 1785 முதல் 1812 வரை எழுதிவந்த நாட்குறிப்பே அதற்கு மூலம். இன்று மழை, நேற்று நூல் நூற்றோம், இன்னார் வீட்டிற் பிரசவம் என்பது போன்ற குறிப்புகள். முன்னிருந்த ஆராய்ச்சிக்காரர் பலர் இவை அற்பம் என்று ஒதுக்கினர். அம்மையாரோ அந்த அற்பங்களைக் கோத்து, 816 பிரசவங்களைப் பார்த்த ஒருத்தியின் வாழ்வையும் அவ்வூர்ப் பெண்களின் உழைப்பையும் கடனையும் துயரையும் நம் கண்முன் நிறுத்தினார். அந்நூலுக்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது.

நமது தோட்டத்தில் மார்த்தா பல்லார்டு இல்லை. எழுத்தறியாதவராய் வைக்கப்பட்டவர் நாட்குறிப்பு எழுதுவது எங்ஙனம்? ஆனால் செக்ரோல் இருந்தது. விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, வந்தவருக்குக் கோடும் வராதவருக்குச் சுழியும் இட்ட புத்தகம் அது. அதை எழுதியவர் கிராணிமார். நம் தொழிலைச் சேர்ந்தவரே. எந்தப் பெண் பிள்ளை பெற்றபின் எத்தனை நாளில் மீண்டும் மரம் வெட்டப் போனாள், எந்தக் குடும்பம் ஒரே மாதத்தில் மூன்று பெயர் இழந்தது என்பதெல்லாம் கோடும் சுழியுமாக அதில் மறைந்து கிடக்கும். துரைக்குக் கணக்குக் காட்ட எழுதிய கை, தன்னை அறியாமல் நமது சரித்திரத்தையும் எழுதிற்று.

ஈண்டு நமது குற்றமொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகட்கு முன் நாம் வேலைபார்த்த தோட்டமொன்றின் பழைய ஆபீஸை இடித்தபோது, கறையான் அரித்த செக்ரோல் கட்டுகளைப் பின்புறம் கொண்டுபோய் எரிக்குமாறு உத்தரவாயிற்று. சுமந்து சென்றவர்களுள் நாமும் ஒருவர். ஒரு புத்தகம் தீயில் விரிந்தது. கிராணியின் அழகிய ஆங்கிலக் கையெழுத்தில் முனியம்மா, முனியம்மா, முனியம்மா என்று மூன்று பெயர்கள். பக்கத்தில் அடையாளத்திற்கு எண்கள். அதைக் கண்டும் வாளாவிருந்தோம். அரசரத்தினத்தின் நூலை நாம் வாசித்தது அதன் பின்னரே. வெட்கம் உண்டாயிற்று என்று மேலே கூறியது இதனாலேதான். ஆசிரியர் தொழிலாளியின் குரலைக் கேட்கவில்லை என்று குறை கூறும் நாமே, அக்குரலிருந்த ஏட்டை நெருப்பிற்குச் சுமந்தவரன்றோ?

கித்தா போய்ச் செம்பனை வந்தது. சுங்கை வேயில் தொழிற்சாலைகள் எழுந்தன. இன்று நாம் எழுதும் சம்பளப் பட்டியலில் வங்காள தேசத்தார் பெயரும் இந்தோனேசியர் பெயரும் நிறைந்துள்ளன. நம்மவர் பெயர் பட்டியலிலிருந்து மறைந்துவருகின்றது; நினைவிலிருந்தும் மறையவேண்டுமா?

ஆதலின் அரசரத்தினத்தின் நூலை முடிந்த முடிவாகக் கொள்ளாது, தொடக்கமாகக் கொள்க என்பதே நமது தீர்ப்பு. அதனை நல்ல தமிழிற் கொணர்தல் முதற் கடமை. எவரைப் பற்றிய நூலோ அவர் வாசிக்க இயலாதெனின் அதன் பயன் பாதியே. இரண்டாவது கடமை நம்முடையது. கிராணி வேலை பார்க்கும் அன்பர்களே, உங்கள் ஆபீஸ் அலமாரியின் அடித்தட்டைத் திறந்து பாருங்கள். வீட்டிலுள்ள முதியோரிடம் ஊர், கப்பல், தோட்டம், கங்காணி ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வையுங்கள். கடாரம் வென்ற மன்னனுக்குக் கல்வெட்டு உண்டு. முனியம்மாவுக்கு நாம் எழுதினாலன்றி வேறில்லை.